வாசலில் ஒரு பச்சைப் பெட்டி

மின்கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடையே ‘டைட்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. அதற்கு ஈடான தமிழ்ச் சொல் எது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இறுக்கம் என்றால் பொருளில் பாதி வருகிறது. கச்சிதம் என்றால் மற்றொரு பாதி வருகிறது. தேர்ந்த மிருதங்க வித்வான் ஒருவர் துரித காலத்தில் ஒரு கோர்வையை வாசிக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய இடத்தில் பிறந்து, அங்கேயே தன் ஆயுளை முடித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்கு இடம் விட்டு விலகுகிறதே, அந்த லட்சணத்தையே அவர்கள் அந்த ஒற்றைச் சொல்லால் குறிக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மெட்டல் என்று வழங்கும் சங்கீதத்தில், வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் அருகே தந்திகளின்மேல் லேசாக வைத்து, நாதத்தை அடக்கி வாசிக்கும் ‘பாம் மியூட்’ என்ற பிரயோகத்துக்கு இந்த லட்சணமே உயிர். அது போய்விட்டால் லயம் போய்விடுகிறது. லயம் போன பிறகு மிஞ்சுவது வெறும் இரைச்சல்.

சில வருஷங்களுக்கு முன்பு, என்னைவிட வயதில் மிக இளையவரான நண்பர் ஒருவருடைய பயிற்சி அறையில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. அவர் மடியில் ஏழு தந்திக் கிட்டார் ஒன்று இருந்தது. சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இவருடைய ஏழாவது தந்தியோ அதற்கும் கீழே இறங்கி, 62 ஹெர்ட்ஸை ஒட்டிய ‘பி’ ஸ்வரத்தில் சுருதி கூட்டப்பட்டிருந்தது. எதிரே, எட்டி வான் ஹேலனுக்காகப் பீவி கம்பெனியார் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட 5150 என்ற வால்வு ஆம்ப், நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட பெரிய பெட்டியின்மேல் அமர்ந்திருந்தது. கெயினை, அதாவது ஆம்பின் பெருக்கத்தை, உயர்த்தி அவர் அந்தத் தந்தியை அடக்கி வாசித்தபோது எழுந்த சப்தம் பெரியதாகத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலத்து வயலில் நடக்கிறவனுடைய கால், சேற்றுக்குள் புதைந்து, மனமில்லாமல் வெளியே வருவதுபோல் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் எச்சத்தை இழுத்துக்கொண்டே வந்தது. அவர் ஆம்பின் பேஸ் திருகைக் குறைத்தார். ஒலி மெலிந்தது, சேறு அப்படியே இருந்தது. பிறகு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பெட்டியைக் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டி, அதன் டிரைவ் திருகைப் பூஜ்யத்துக்கும் லெவல் திருகை முழுமைக்கும் வைத்துக் காலால் அழுத்தினார். ஒரு நொடியில் தரை காய்ந்துவிட்டது. அடிகள் தனித்தனியே விழுந்தன.

காரணம் கேட்டேன். “பேஸ் நாப் பின்னால இருக்குண்ணா. அழுக்கு அதுக்கு முன்னாலயே சேர்ந்துடுது” என்றார். இந்த விஷயத்தில் அறிய வேண்டியதில் முக்கால் பங்கு அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு வீடு திரும்பிய பிறகுதான் புரிந்தது.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வால்வு தன் சக்திக்கு மேற்பட்ட அலையைப் பெறும்போது அலையின் சிகரங்களை வெட்டிவிடுகிறது, டிஸ்டார்ஷன் என்பது இதுதான்; வெட்டுப்பட்ட அலையிலிருந்து, மூல ஒலியில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. தனி ஸ்வரமானால் பிறப்பவை அதன் மேல் ஸ்தாயி உறவுகள், காதுக்கு இதமானவை. இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தாலோ அவற்றின் கூட்டலும் கழித்தலுமான ஒலிகளும் உடன் பிறந்துவிடுகின்றன. மெட்டல் வாசிப்பவர்களின் அன்றாட உணவாகிய ‘பவர் கார்ட்’ என்பது ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தது. 82 ஹெர்ட்ஸும் 123 ஹெர்ட்ஸும் இப்படிச் சேர்ந்தால் இவற்றின் வித்தியாசமாகிய 41 ஹெர்ட்ஸ், மூல ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, கனமாக வந்து நிற்கிறது. அதனால்தான் அந்தக் கார்டுக்கு அவ்வளவு கம்பீரம். ஆனால் ஏழாவது தந்தியில் அதே கார்டை வாசித்தால் வித்தியாச ஒலி 31 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. மனிதச் செவியின் கீழ் எல்லையை நெருங்கிய அந்த ஒலியைக் கிட்டார் ஸ்பீக்கர் எழுப்பவே இயலாது. அது மற்ற ஒலிகளை அசைத்துக் கலக்குவதோடு சரி.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. கிட்டாரிலிருந்து வரும் மின்னலையில் மிகப் பெரிய வீச்சு தடித்த தந்திகளுடையது. வால்வின் கிரிட்டில் அந்தப் பெரிய அலை மோதும்போது, முந்தைய கட்டத்தோடு அதை இணைக்கும் கெபாசிட்டர் வேண்டாத மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு, அதை இறக்கிவைக்கச் சற்று அவகாசம் எடுத்துக்கொள்கிறது. அந்த அவகாசத்தில் வால்வு மூச்சடைத்தாற்போல் நின்றுவிடும். துரிதமாக அடுத்தடுத்து விழும் அடிகளில் இரண்டாவது அடி, முதல் அடியின் பளு இறங்குவதற்குள் வந்து சேருகிறது. சேறு என்று நான் மேலே சொன்னது பெரும்பாலும் இதுதான்.

சரி, பேஸ் திருகு ஏன் உதவவில்லை? பழைய ஃபெண்டர் ஆம்புகளில் பேஸும் டிரெபிளும் முதல் வால்வுக் கட்டத்தை அடுத்தே அமைந்திருக்கும். மார்ஷலிலும், அதன் வம்சத்தில் வந்த அதிக கெயின் ஆம்புகளிலும் அவை டிஸ்டார்ஷன் கட்டங்களெல்லாம் முடிந்த பிறகே வருகின்றன. அரிசியைக் களைந்து கல் அரிப்பது உலையில் இடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். சோறு வெந்த பிறகு, கல்லுக்குப் பயந்து சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொள்வதால் என்ன பயன்? மந்தர ஸ்தாயியை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைக்க வேண்டும். வேண்டுமானால் பின்னால், பவர் கட்டத்திலோ ஸ்பீக்கர் பெட்டியிலோ மீண்டும் வளர்த்துக்கொள்ளலாம். முன்னால் இழந்ததைப் பின்னால் பெறலாம். முன்னால் கலங்கியதைப் பின்னால் தெளியவைக்க முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம் அன்று. 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் டாலஸ் கம்பெனி ‘ரேஞ்ச்மாஸ்டர்’ என்ற டிரெபிள் பூஸ்டரைச் செய்து விற்றது. அதனுள் இருந்தது ஓசி44 என்ற ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். வாசலில் வைத்த மிகச் சிறிய கெபாசிட்டரால் கீழ் ஒலிகள் உள்ளே வருமுன்பே மெலிந்துவிடும். மேல் ஒலிகள் பெருகும். பர்மிங்ஹாமைச் சேர்ந்த டோனி அயோமி இத்தகைய பூஸ்டர் ஒன்றைத் தமக்கேற்ப மாற்றி, லேனி ஆம்புக்கு முன்னால் வைத்தே தம் பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டை, 1970-இல் வெளிவந்ததை, வாசித்தார். பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடக்கைப் பழக்கம் உடையவராதலால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னால் சுருதியையும் தாழ்த்தினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் சில பாடல்கள் வழக்கமான சுருதிக்கு மூன்று அரை ஸ்வரம் கீழே இறங்கியவை. உலகத்தின் மிகக் கனமான கிட்டார் நாதம் என்று கொண்டாடப்பட்ட அது, கீழ் ஒலியைக் குறைக்கும் ஒரு பெட்டியின் வழியாகப் பிறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரமிப்பு உண்டாகிறது.

பச்சைப் பெட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் டியூப் ஸ்க்ரீமர். ஜப்பானில் மேக்ஸான் என்ற பெயரில் வியாபாரம் செய்த நிஷின் ஒன்பா நிறுவனத்தின் சுசுமு தமுரா என்பவர் வகுத்த அமைப்பு. ஐபனீஸ் என்ற பெயரைத் தாங்கி, டிஎஸ்808 என்ற எண்ணோடு 1970-களின் இறுதியில் வெளிவந்தது. 1982-இல் டிஎஸ்9 அதன் இடத்தைப் பிடித்தது. அதைச் செய்தவர்களின் மனத்தில் இருந்தது மெட்டல் அன்று. சுத்தமாக ஒலிக்கும் வால்வு ஆம்பைச் சற்றே கனியவைத்து, தனி வாசிப்பில் கிட்டாரை முன்னால் கொண்டுவருவதே அவர்கள் நோக்கம். டெக்ஸாஸ்காரரான ஸ்டீவி ரே வான் இந்த வரிசைப் பெடல்களை ஃபெண்டர் ஆம்புகளோடு சேர்த்து வாசித்ததைக் கேட்டவர்கள் அந்த நோக்கம் எவ்வளவு அழகாக நிறைவேறியது என்று அறிவார்கள்.

அந்தப் பெட்டியின் உட்புறத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டே உறுப்புகள்: 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. இவை இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் என்ற எல்லையை வகுக்கின்றன. அந்த எல்லைக்கு மேலே உள்ள ஒலிகளுக்குப் பெருக்கம் முழுமையாகக் கிடைக்கிறது. கீழே போகப் போகப் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் உள்ளே வந்த அளவே வெளியே போகிறது. ஆகவே இந்தப் பெட்டி மந்தர ஸ்தாயியை வெட்டி எறிகிறது என்று பலரும் சொல்வது சரியன்று; அதை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு மற்றவற்றை உயர்த்துகிறது. டிரைவ் திருகு பூஜ்யத்தில் இருக்கும்போதுகூட மேல் ஒலிகளுக்குச் சுமார் பன்னிரண்டு மடங்கு பெருக்கம் உண்டு. என் நண்பருடைய ஏழாவது தந்தியின் மூல ஒலிக்கோ கணக்குப் பார்த்தால் ஒன்றரை மடங்குகூட இல்லை. பெருகிய அலை 0.6 வோல்ட்டை ஒட்டி உயரும்போது சிலிக்கன் டயோடுகள் அதன் தலையை மெல்லத் தட்டிவைக்கின்றன. அதற்கு அடுத்தபடியாக இன்னொரு வடிகட்டி, ஏறக்குறைய அதே 720 ஹெர்ட்ஸுக்கு மேலே, கூர்மையான ஒலிகளைத் தணிக்கிறது. கீழும் மேலும் இப்படி அடங்கியபின் நடு ஸ்தாயி மட்டும் திமில்போல் எழுந்து நிற்கிறது. ஆம்பின் வாசலுக்கு வந்து சேர்வது இந்த உருவம்தான்.

புளூஸ் வாசிப்பவர்கள் இந்தப் பெட்டியைப் பற்றி நெடுநாளாகச் சொல்லிவரும் குறை ஒன்று உண்டு: அழுத்தினால் அடி ஒலி மெலிந்துவிடுகிறது என்பதே அது. அவர்களுக்கு அது நியாயமான குறைதான். அதே குறையை நாடி வந்தவர்கள் மெட்டல்காரர்கள். ஆண்டி ஸ்னீப் போன்ற ஒலிப்பதிவாளர்கள் 5150 ஆம்புக்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமரை, டிரைவைக் குறைத்து லெவலை உயர்த்தி வைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கினார்கள். மெஸா பூகியின் டூயல் ரெக்டிஃபையர் போல அடி ஒலி தாராளமாகப் பெருகும் ஆம்புகளுக்கு இந்தக் காவல் இன்னும் அவசியமாயிற்று. ஓவர்டிரைவ் என்று பெயர் பெற்ற பெட்டியை அதன் டிரைவைப் பூஜ்யத்தில் வைத்துப் பயன்படுத்துவதென்பது, அதை வகுத்தவர் கனவிலும் நினைத்திராத பிரயோகமாகவே இருந்திருக்க வேண்டும்.

இப்போது எந்தப் பெடல் உயர்ந்தது என்ற பெரிய விவகாரம். டிஎஸ்808-க்கும் டிஎஸ்9-க்கும் அமைப்பில் உள்ள வித்தியாசம் வெளிவாயிலில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்: முன்னதில் 100 ஓமும் 10 கிலோ ஓமும், பின்னதில் 470 ஓமும் 100 கிலோ ஓமும். இவற்றுக்காகவும், உள்ளே இருப்பது ஜேஆர்சி4558டி என்ற சில்லா, வேறொன்றா என்பதற்காகவும் பழைய பெட்டிகளுக்குக் கொடுக்கப்படும் விலை, நல்ல கிட்டார் ஒன்றின் விலையை எட்டுகிறது. தனியறையில், சுத்தமான ஆம்பில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியலாம் என்பதை மறுக்க மாட்டேன். கெயின் மிகுந்த ஆம்புக்கு முன்னால், டிரைவ் பூஜ்யத்தில் இருக்க, பக்கத்தில் டிரம்ஸும் முழங்கும்போது அதைக் கண்டுகொள்ளும் செவியை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் பணத்தைப் புதுத் தந்திகளுக்குச் செலவிடலாம்.

பாஸ் கம்பெனியின் எஸ்டி-1 என்ற மஞ்சள் பெட்டி 1981-இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது, விலையும் குறைவு. அதன் முன்னோடி 1977-இல் வந்த ஓடி-1. எஸ்டி-1-இல் டயோடுகள் மூன்று. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அலையின் ஒரு பாதி உயரத்திலும் மறுபாதி தாழ்விலும் வெட்டுப்படுவதால் அதன் முகத்தில் சற்றுச் சொரசொரப்பு உண்டு. டியூப் ஸ்க்ரீமர் தேய்த்து மெருகேற்றிய மரம் என்றால் இது இழைப்புளி ஒருமுறை மட்டும் போன மரம். 5150 போன்ற, இயற்கையிலேயே கூர்மை மிகுந்த ஆம்புக்குப் பச்சையின் மெருகு பொருந்துகிறது; சற்று மந்தமாக ஒலிக்கும் பழைய மார்ஷலுக்கு மஞ்சளின் சொரசொரப்பு பொருந்துகிறது. இது என் காதின் தீர்ப்பு, சாஸ்திரம் அன்று.

பில் ஃபினிகன் என்பவர் 1994-இல் வெளியிட்ட க்ளான் சென்டார் என்ற பெட்டிக்கு இருக்கும் கீர்த்தி வேறெந்தப் பெடலுக்கும் இல்லை. ஜெர்மானியம் டயோடுகளால் வெட்டுப்பட்ட ஒலியோடு, வெட்டுப்படாத மூல ஒலியையும் அது கலந்து கொடுக்கிறது. அந்தக் கலப்பில் அடி ஒலியும் கூடவே வந்துவிடுகிறது. கனிந்த வாசிப்புக்கு அது அருமையான கருவி. ஆனால் நாம் வாசலில் தடுக்க விரும்பியதையே அது உபசரித்து உள்ளே அழைத்து வருவதால், இந்தக் காரியத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தந்திகள் பெருகப் பெருக 720 ஹெர்ட்ஸ் என்ற ஒரே எல்லை எல்லோருக்கும் பொருந்தாமற் போயிற்று. ஸ்வீடனின் மெஷுகா குழுவினர் எட்டுத் தந்திக் கிட்டாரைக் கையில் எடுத்த பிறகு, அதன் எட்டாவது தந்தி வழக்கமான சுருதியிலேயே 46 ஹெர்ட்ஸை ஒட்டி முழங்கும் காலத்தில், காவலனுக்கும் கூடுதல் அதிகாரம் வேண்டியிருந்தது. பெரிஃபெரி குழுவின் மிஷா மன்சூர் தொடங்கிய ஹொரைசன் டிவைசஸ் வெளியிட்ட பிரிசிஷன் டிரைவ், இந்தத் தேவையை நேராக எதிர்கொள்கிறது. அதில் ‘அட்டாக்’ என்று ஆறு படிகள் கொண்ட திருகு ஒன்று உண்டு. அடி ஒலியை எவ்வளவு உள்ளே விடுவது என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்கலாம். கூடவே, அடிகளுக்கு நடுவே எழும் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டும் உள்ளே அமைந்திருக்கிறது. பூஸ்ட் செய்யும்போது கிட்டாரின் நாதத்தோடு அதன் முணுமுணுப்பும் பெருகுகிறதாகையால் இந்தக் கதவு ஆடம்பரம் அன்று. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள மௌனம் சுத்தமாக இல்லாவிட்டால் ஸ்வரம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் டைட் என்று சொல்ல முடியாது. பழைய பெடல்களில் தற்செயலாகக் கிடைத்த குணத்தைப் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே வகுத்த கருவி இது. அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதற்கெல்லாம் நேர் எதிரான மார்க்கம் ஒன்றும் உண்டு. அதையும் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். பாஸ் எச்எம்-2 என்ற ஹெவி மெட்டல் பெடலின் திருகுகள் அனைத்தையும் உச்சத்தில் வைத்து, ஸ்டாக்ஹோம் நகரத்துச் சன்லைட் ஸ்டூடியோவில், டோமாஸ் ஸ்கோக்ஸ்பெரியின் ஒலிப்பதிவில், என்டூம்ட் குழுவினர் 1990-இல் வெளிவந்த ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இசைத்தட்டை வாசித்தார்கள். மரம் அறுக்கும் யந்திரம்போல் தோலை உரசிச் செல்லும் அந்த நாதத்தில் கச்சிதத்துக்கு இடமில்லை. அதை அவர்கள் தேடவும் இல்லை. அங்கே பெடல் காவல் காப்பதில்லை; தானே எரிகிறது. அந்த மார்க்கத்தில் நான் சொன்ன விதிகள் ஒன்றும் செல்லாது.

விதிகள் செல்லுகிற இடத்துக்கு என் அபிப்பிராயம் இது. ஆறு தந்தியோடு நின்று, சுருதியை ஓரளவே தாழ்த்துகிறவர்களுக்கு எஸ்டி-1 போதும். கையில் டியூப் ஸ்க்ரீமர் இருந்தால் அதுவும் போதும். அவற்றில் ஏதேனும் ஒன்றை டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் முழுமையிலும் டோன் நடுவிலும் வைத்துத் தொடங்கலாம். ஏழாவது, எட்டாவது தந்திகளில் வாழ்கிறவர்கள் அடி ஒலியின் எல்லையை மாற்றிக்கொள்ள வசதியுள்ள பெடலை வாங்குவது உத்தமம். பெடலை அழுத்தியதும் ஆம்பின் கெயினைச் சிறிது குறைக்க மறக்கக் கூடாது. தெளிவு வந்த பிறகு அவ்வளவு கெயின் தேவைப்படாது.

இன்னும் ஒன்று. இப்படி அமைத்துக்கொண்ட நாதம் தனியறையில் கேட்கும்போது மெலிந்தும் மூக்கால் பேசுவதுபோலவும் இருக்கும். வாங்கி ஒரு வாரத்துக்குள் பலர் பெடலை விற்றுவிடுவது இதனால்தான். கிட்டார் விட்டுக்கொடுத்த அந்தக் கீழ்ப்பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. ஆகையால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், பேஸ் வாசிக்கிறவரையும் டிரம்ஸ் வாசிக்கிறவரையும் ஒரு மாலை வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து வாசித்துக் கேளுங்கள்.